ஆயில் கசிவைக் கண்டுபிடிக்க: பவுடரா, யூவி சாயமா?

பழைய கார் நின்ற இடத்தில் கறுப்பாகச் சொட்டு விழுந்தால், நேர் மேலே இருக்கும் சம்ப்பைத்தான் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) முதலில் சந்தேகப்படுவோம். ஆனால் எஞ்சினின் உச்சியிலுள்ள வால்வு கவர் கேஸ்கட்டில் கசியும் ஆயிலும் வழிந்து அங்கேதான் வந்து சேரும். ஓடும்போது காற்று அதைப் பின்பக்கம் வேறு பரப்பிவிடும். அதனால் எந்த முறையானாலும், ஆறிய எஞ்சினை டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை நீக்கும் திரவம்) போட்டுத் துடைத்த பிறகே தேடுங்கள்.

செலவு: டால்கம் பவுடர் வீட்டிலேயே இருக்கும். எஞ்சின் ஆயிலில் கலக்கும் யூவி சாயத்துக்கு யூவி டார்ச்சும் வாங்க வேண்டும்.

நேரம்: பவுடர் தூவி ஒரு சுற்று ஓட்டினால் பெரிய கசிவு தெரிந்துவிடும். மெல்லிய கசிவென்றால், சாயம் கலந்து சில நாள் ஓட்ட வேண்டிவரும்.

துல்லியம்: பெரிய வித்தியாசம் இங்கேதான். பவுடரில் ஈரக்கோடு பளிச்சென்று தெரியும், ஆனால் கை எட்டும் இடத்தில் மட்டும். சாயமோ இருட்டில் யூவி டார்ச் அடித்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே பின்தொடருங்கள். ஒளிரும் இடங்களிலேயே உயரமானதுதான் பெரும்பாலும் கசியும் இடம். என் காரில் அது ஆயில் பிரஷர் சுவிட்ச். அதன் அடியில் கடுகளவு பச்சைப் புள்ளி, அவ்வளவுதான்!

வால்வு கவர், ஆயில் ஃபில்டர் மேல் சந்தேகமென்றால் பவுடர் போதும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலுள்ள பின் கிராங்க் சீல் பக்கமென்றால், கியர்பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் சாயம் போட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆயிலுக்கான சாயம்தானா என்று கேட்டு வாங்குங்கள், ஏசிக்கு வருவது வேறு.