அண்ணனின் விசை: ஒரு வீடியோ கேம் விமர்சனம்

ஸ்வீடனின் ஸ்டார்பிரீஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2013-இல் வெளிவந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’, நோயுற்ற தந்தைக்கு மருந்து தேடிப் புறப்படும் அண்ணன் தம்பியின் கதை. புதிர்கள் எளியவை, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கண்ட்ரோலரின் இடப்பக்கம் அண்ணனையும் வலப்பக்கம் தம்பியையும் இயக்கும் ஏற்பாடு முதலில் கைகளைக் குழப்பவே செய்கிறது. (முடிவை அறிய விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

தாய் நீரில் மூழ்கியதைக் கண்ணால் கண்ட தம்பிக்குத் தண்ணீர் என்றாலே நடுக்கம். அண்ணனின் முதுகைப் பற்றிக்கொண்டுதான் ஆழத்தைக் கடப்பான். அந்த அண்ணனும் இறந்தபின், ஆற்றங்கரையில் தனித்து நிற்பவனை வலது விசை அசைக்கவில்லை. அண்ணனோடு ஓய்ந்துபோனதாக நான் நினைத்திருந்த இடது விசையை என் விரல் தயங்கித் தயங்கி அழுத்தியபோது, அவன் மெல்ல நீந்தத் தொடங்கினான்; எனக்கோ திரையே மங்கிவிட்டது.