112 கிலோவும் ஒரு சைக்கிள் சீட்டும்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை நூறு கிலோவைத் தாண்டியவர்கள் மெத்தென்ற சீட்டைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் எலும்பின் அகலத்துக்குப் பொருந்துகிற, கொஞ்சம் கெட்டியான சீட், அதன் அடியில் இரும்புக் கம்பி, அதைப் பிடிக்க இரண்டு போல்ட் வைத்த சீட் போஸ்ட் (ஃபிரேமுக்குள் நுழைந்து சீட்டைத் தாங்கும் குழாய்). இந்த மூன்றும் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் சில்லறை விஷயம்.

என் எடை 112 கிலோ. நல்ல காலத்தில் 108, தீபாவளி முடிந்தால் 115. ஓட்டுவது கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள். வேளச்சேரியிலிருந்து அலுவலகத்துக்கு, ஞாயிறு விடிகாலையில் ஈ.சி.ஆரில் கோவளம் வரை, மனசு வந்தால் மாமல்லபுரம் வரை. இப்போதிருக்கும் அமைப்பு பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

உட்காரும்போது நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகள். மரப் பெஞ்சில் உட்கார்ந்து லேசாக ஆடினால் தட்டுப்படுமே, அவைதான். ஜெல் சீட், தடிமனான பஞ்சு சீட் எல்லாம் கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கச் சுகமாக இருக்கும். அறுபது கிலோ ஆளுக்கு ஓரளவு சரிப்படவும் செய்யும். நம் எடைக்கு அந்த எலும்புகள் ஜெல்லை அமுக்கிக்கொண்டு அடிவரை இறங்கிவிடும். ஒதுங்கிய ஜெல் நடுவில் மேடாக எழும்பி, எலும்பில்லாத இடத்தை அழுத்தும். நரம்பும் ரத்தக் குழாயும் போகிற இடம் அது. அரைமணி நேரத்தில் மரத்துப்போவது இதனால்தான். சீட்டின் மேல் மாட்டும் ஜெல் கவருக்கும் இதே கதி. போதாததற்கு அது இடம் விட்டு நகரவும் செய்யும்.

அளவெடுப்பது எளிது. டிவி, மிக்சி வரும் பெட்டியில் உள்ளே நெளிநெளியாக இருக்கும் அட்டையை ஒரு துண்டு வெட்டி, கெட்டியான ஸ்டூலில் போட்டு, மெல்லிய துணி உடுத்தி உட்காருங்கள். முன்னால் சாய்ந்து, குதிகாலைத் தூக்கி, ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்தால் இரண்டு குழி தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து இன்னொன்றின் நடு வரை அளக்க வேண்டும். எனக்கு 135 மில்லிமீட்டர் வந்தது. குண்டாக இருந்தால் எலும்பும் அகலமாக இருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். என் தம்பி எடையில் எனக்குப் பாதிதான், அவனுக்கு என்னைவிட அகலம். வந்த அளவோடு 20 முதல் 30 மி.மீ. கூட்டினால் வாங்க வேண்டிய சீட்டின் அகலம் கிடைக்கும். நன்றாக நிமிர்ந்து ஓட்டுபவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். சாதாரணக் கடைகளில் பெட்டியில் அகலம் போட்டிருக்க மாட்டார்கள். ஸ்கேலைக் கையோடு எடுத்துப் போங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அகலத்தோடு வடிவத்தையும் கவனிக்க வேண்டும். பருத்த தொடை இருப்பவர்களுக்கு இதுதான் முக்கியம் என்பேன். மூக்கிலிருந்து, அதாவது சீட்டின் முன்முனையிலிருந்து, பின்பக்கம் வரை கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே போகும் சீட்டில், ஒவ்வொரு மிதிக்கும் தொடையின் உள்பக்கம் உரசும். பத்து கிலோமீட்டரில் தோல் சிவந்துவிடும். மூக்கு ஒல்லியாக வந்து பின்னால் சட்டென்று விரிகிற வடிவம்தான் நமக்கு. என் சீட் 165 மி.மீ. அகலம், நடுவில் நீளப் பள்ளம், பஞ்சு கெட்டி. முதல் சில வாரம் வலித்தது. அது எலும்பு பழகும் வலி, தானாகப் போய்விடும். மரத்துப்போவது அப்படியில்லை. அதைப் பொறுத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். சீட்டை மாற்றியும் தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி சீட்டுக்கு அடியில். நம்மைப் போன்றவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இது. சீட்டின் கீழே ஓடும் இரண்டு கம்பிகளும் பொதுவாக 7 மி.மீ. தடிமன். சாதா இரும்பு அல்லது குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) என்றால் நல்லது. கார்பன் கம்பி எடையில் சில கிராம் மிச்சப்படுத்துகிறவர்களுக்கானது. 112 கிலோவில் நான் சில கிராமை மிச்சப்படுத்தி என்ன செய்யப் போகிறேன்? சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி முடுக்கினால், சீட் போஸ்ட்டின் தலையில் கம்பியைக் கவ்வும் பிடியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியில் எடை விழுந்து கம்பி வளையும். சைக்கிளோடு வந்த சீட் எனக்கு அப்படித்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கம்பியின் நடுப்பகுதியைப் பிடித்து முடுக்குவதே பாதுகாப்பு. அப்படி வைத்தால் உட்காரும் தூரம் சரிவரவில்லை என்றால், தலை பின்னால் தள்ளியிருக்கும் சீட் போஸ்ட் கிடைக்கிறது, அதை வாங்கலாம்.

பழைய மாதிரிப் பிடியில் பல் சக்கரம் போன்ற இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும். பெரிய பள்ளத்தில் உட்கார்ந்தபடி இறங்கினால் பல் ஒன்று நழுவி, சீட்டின் மூக்கு வானத்தைப் பார்க்கும். ஓரிரு முறை நழுவிவிட்டால் பல் மழுங்கிவிடும். அப்புறம் எவ்வளவு முடுக்கினாலும் நிற்காது. இரண்டு போல்ட் போஸ்ட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டும் எதிரெதிராக இழுத்துப் பிடிக்கும். சுழல வழியே இல்லை. அதை மாற்றிய பிறகு சீட்டின் சாய்வை நான் தொட வேண்டியே வரவில்லை.

வாங்கும்போது போஸ்ட்டின் விட்டத்தைப் பாருங்கள், அதன் மேலேயே பொறித்திருக்கும். 27.2 மி.மீ. பரவலான அளவு, 25.4, 30.9, 31.6 என்றும் வரும். 0.2 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் நுழையாது அல்லது ஆடும். குறைந்தபட்சம் இதுவரை உள்ளே இருக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது. கனமானவர்கள் அதற்கும் கீழே இன்னும் சில சென்டிமீட்டர் இறங்கியிருக்கும்படி நீளமான போஸ்ட் வாங்குவது நல்லது. நுழைக்கும் முன் கிரீஸ் தடவுங்கள். கடற்கரை ஊரில் இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினிய போஸ்ட் உப்புக் காற்றில் பிடித்துக்கொண்டால், பட்டறைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்பிரிங் சீட் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 1949ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்து ஹெர்குலிஸ் வகை வண்டிகளை நினைத்துப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, கேரியரில் மூட்டையோ பால் கேனோ வைத்து, மெதுவாக மிதிக்கிற வண்டி. அதற்கு ஸ்பிரிங் சீட் அருமையான பொருத்தம், எடையும் தாங்கும். வேகமாக மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழும் ஆடும். காலின் பலம் ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே போய்விடும். நண்பர் ஒருவர் புரூக்ஸ் பி67 வைத்திருக்கிறார். இருநூறு மி.மீ.க்கு மேல் அகலமான தோல் சீட், பின்னால் இரண்டு சுருள் ஸ்பிரிங். அவர் என்னைவிடக் கனம், ஹேண்டில்பாரை உயர்த்தி வைத்து ஓட்டுபவர். அவருக்கு அது சிம்மாசனம். ஆனால் தோல் சீட் நனையக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலிதீன் பையும் ரப்பர் பேண்டும் கையில் இல்லாமல் வெளியே போக முடியாது. வேர்வையே நம் ஊரில் பாதி மழை. அந்தப் பராமரிப்புக்கு எனக்குப் பொறுமை இல்லை.

ஸ்பிரிங் வைத்த சீட் போஸ்ட் வாங்குவதானால், உங்கள் எடைக்கான ஸ்பிரிங் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சைக்கிளோடு வருவது பெரும்பாலும் சராசரி எடைக்கானது. நாம் உட்கார்ந்ததும் முழுக்க அமுங்கிவிடும், பிறகு அது இருந்தும் இல்லாததுபோல்தான். அந்தப் பணத்துக்கு அகலமான டயர் போடுவது மேல். நான் 35 மி.மீ. டயரிலிருந்து 42க்கு மாறினேன், ஃபிரேமில் இடம் இருந்தது. வேகத்தடைகளில் முதுகு வரை வரும் அடி பாதியாகக் குறைந்தது. டயருக்கு மிஞ்சியதை முழங்கால் பார்த்துக்கொள்ளும்: பள்ளம் வந்தால் எழுந்துவிடுங்கள். சீட், கம்பி, பின் சக்கர ஸ்போக் எல்லாவற்றின் ஆயுளும் இதனால் கூடும்.

உயரத்துக்குப் பழைய வழியே போதும். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். சீட் தட்டையாக இருக்கட்டும். மூக்கைக் கீழே சாய்த்தால் வழுக்கி, எடை முழுக்கக் கைக்கு வரும். தொப்பை இருப்பவர்களுக்கு, ஹேண்டில்பார் தாழ்வாக இருந்தால் தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு வாங்கும். அதைச் சீட் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதென்றால் பேட் வைத்த ஷார்ட்ஸ் வேண்டும், உள்ளாடை இல்லாமல். வீட்டில் சிரிப்பார்கள், சரி.

இன்னொன்று, சைக்கிளின் கையேட்டில் எடை வரம்பு இருக்கும். பல நிறுவனங்கள் சொல்வது ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்ந்த மொத்த எடை. 120 கிலோ என்று போட்டிருந்தால் சைக்கிளுக்கே 14 போய்விடும். மீதியைப் பார்த்து வாங்குங்கள்.

என் சீட்டில் இப்போது இருக்கும் ஒரே குறை, ஓரத்தில் மேலுறை உரிந்து வருவது. பஞ்சும் கம்பியும் அப்படியே இருப்பதால் மாற்ற மனமில்லை. பைக் சீட் தைக்கும் கடையில் ரெக்சின் போட்டுத் தருவார்கள். நடுப்பள்ளத்தை நிரப்பக் கூடாது என்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். நம் உடம்பைப் பார்த்தவுடனே பரிதாபப்பட்டு இரண்டு இன்ச் பஞ்சு வைத்துவிடுகிறார்கள்.