மண்டை ஓட்டுக்கு டீ சொன்ன வாரம்: ஜிம்ப் 3 எப்படி இருக்கிறது?

எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் மாதம் ஒருமுறை படத்தை வெட்டி ஒட்டும் போட்டி நடக்கும். போட்டி என்று பெயர்தான், பரிசெல்லாம் கிடையாது, ஜெயித்தவர் அடுத்த மாதத் தலைப்பைச் சொல்லலாம், மற்றவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே வேலை பார்க்கலாம். இந்த முறை ஒரு தம்பி சொன்ன தலைப்பு மண்டை ஓடும் எலும்புக்கூடும். அடிப்படைப் படம் நாமே எடுத்ததாக இருக்க வேண்டும், எலும்பு உரிமைப் பிரச்சினை இல்லாத இடத்திலிருந்து வர வேண்டும், விபத்துப் படம், நிஜப் பிணம் எதுவும் கூடாது, ஏஐ கூடவே கூடாது. ஏஐ போட்டவனைக் கண்டுபிடிக்க விலா எலும்பை எண்ணுவோம் என்று முதல் நாளே அறிவித்துவிட்டார்கள். 12 ஜோடி இருக்க வேண்டும், கூடினாலும் குறைந்தாலும் விளக்கம் தர வேண்டும்.

போன மாதம் வரை நான் போனில் ஒரு ஆப்பை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவன். பெயர் வேண்டாம். இலவசம் என்று இறக்க வைத்து, இரண்டு மணி நேரம் வேலை வாங்கி, சேமிக்கப் போகும்போது படத்துக்கு நடுவில் தன் பெயரைக் குத்திவிட்டு, அதை எடுக்க மாதச் சந்தா கேட்கிற ரகம். அந்தக் கடுப்பில்தான் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை லேப்டாப்பில் மறுபடி ஏற்றினேன். மறுபடி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதன் பழைய 2.10 பதிப்பு வந்த 2018ல் ஒருமுறை ஏற்றி, ஒட்டிய படம் நடுவில் மிதந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பயந்து, அன்றைக்கே எடுத்துப் போட்டவன் நான். 3.0 வந்தது 2025 மார்ச்சில். இப்போது ஒட்டினால் நேராகப் புது லேயராகவே, அதாவது படத்தின் மேல் தனி அடுக்காகவே, வந்து உட்காருகிறது. சின்ன விஷயம்தான், ஆனால் என்னைப் போல எத்தனை பேர் அந்த ஒரு இடத்திலேயே திரும்பிப் போயிருப்பார்கள்!

தெரியாதவர்களுக்காக ஒரு வரி: 1996ல் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் இருவரும் வெளியிட்ட மென்பொருள் இது, இன்றுவரை இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெயரிலேயே 'இமேஜ் மேனிபுலேஷன்' இருப்பதால் நம் போட்டிக்குப் பெயர்ப் பொருத்தமும் உண்டு.

சரி, எலும்புக்கு எங்கே போவது? லண்டன் வெல்கம் கலெக்‌ஷன் தளத்தில் பழைய மருத்துவப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன, ஒவ்வொரு படத்தின் கீழும் எந்த உரிமத்தில் தருகிறார்கள் என்று போட்டிருக்கும், அதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். நியூயார்க் மெட் அருங்காட்சியகமும் 2017லிருந்து உரிமைக் காலம் முடிந்த படைப்புகளின் படங்களைத் தாராளமாகத் தருகிறது. நான் எடுத்தது வெசாலியஸ் என்ற பழங்கால மருத்துவர் வெளியிட்ட எலும்புக்கூட்டுப் படம். 1543ல் பாசல் நகரில் அச்சான உடற்கூற்று நூலில் வரும் மரச்செதுக்குப் படம். ஒரு எலும்புக்கூடு கல்லறை மேடையில் முழங்கையை ஊன்றி, தலையைக் கையில் சாய்த்து, கால்மேல் கால் பின்னி நின்றபடி, இன்னொரு கையை ஒரு மண்டை ஓட்டின் மேல் வைத்து யோசித்துக்கொண்டிருக்கும். ஐரோப்பியர்கள் இதைப் பார்த்து வாழ்க்கையின் நிலையாமை என்று ஐந்நூறு வருடமாகச் சொல்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் ஸ்ட்ராங்காக ஒரு டீ சொல்லிவிட்டு ரொம்ப நேரமாகக் காத்திருக்கும் ஆள் மாதிரிதான் தெரிந்தது. அதே கோணம், அதே சலிப்பு. எங்கள் தெருமுனை டீக்கடை கல்லா மேசையை மாலை நாலரை மணி வெயிலில் படம் எடுத்துவந்தேன், கல்லறையைத் தூக்கிவிட்டு ஆளை அங்கே கொண்டுபோய்ச் சாய்த்தேன்.

ஜிம்ப் எனக்கு முதலில் பிடித்துப்போன இடம் 'கலர் டு ஆல்ஃபா'. பழைய அச்சுப் படத்தை வெட்டியெடுப்பது எவ்வளவு கொடுமை என்று செய்தவர்களுக்குத் தெரியும், கோடு கோடாக இருக்கும், கத்தரித்தால் ஓரத்தில் மஞ்சள் காகிதம் ஒட்டிக்கொண்டே வரும். இதில் காகித நிறத்தைத் தொட்டுக் காட்டிவிட்டால் அந்த நிறத்தை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டு மைக்கோட்டை விட்டுவிடுகிறது, மெல்லிய கோடுகள்கூட உடையவில்லை. கூடவே இரண்டு த்ரெஷோல்டு இருக்கிறது, எவ்வளவு கறை போக வேண்டும், எவ்வளவு கோடு கெட்டியாக நிற்க வேண்டும் என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் காகிதம் காணாமல் போனது.

ஆனால் எலும்பும் காணாமல் போனது! கோடு மட்டும் இருப்பதால் கடைச் சுவரும் சிகரெட் விளம்பரம் கிழிந்த இடமும் தொடை எலும்புக்குள்ளே தெரிகிறது. எனவே கோட்டு லேயருக்கு அடியில் இன்னொரு லேயர் போட்டு, பாத் கருவியால் எலும்பின் எல்லையை வரைந்து, உள்ளே வெளிறிய தயிர் நிறத்தை நிரப்ப வேண்டியிருந்தது. கால் கை எல்லாம் சீக்கிரம் முடிந்தது, விலாக்கூடு ஒரு சாயங்காலத்தைத் தின்றது. ஒவ்வொரு விலாவுக்கு இடையிலும் பின்னாலிருக்கும் பிஸ்கட் பாட்டில் தெரிய வேண்டுமே, ஒரு இடைவெளி அடைத்துக்கொண்டாலும் எலும்புக்கூடு பனியன் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. இங்கேதான் லேயர் மாஸ்க் கைகொடுத்தது: அழிப்பான் எடுக்காமல் மாஸ்க்கில் கறுப்பு பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்ப வரும், படம் ஒரு துளிகூடக் கெடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

அப்புறம் தாடை. மண்டை ஓட்டில் கீழ்த்தாடை தனி எலும்பு, மேலே ஒட்டிப் பிறந்தது இல்லை. அதைத் தனி லேயராக எடுத்து, சுழற்றும் கருவியின் மையப் புள்ளியைக் காதுக்குச் சற்று முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு லேசாகத் திருப்பினால் மண்டை ஓடு கொட்டாவி விடும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் சிரிக்கும். மையப் புள்ளியைக் கண்ட இடத்தில் விட்டால் தாடை கழன்று விழுந்த மாதிரி இருக்கும். எங்கள் போட்டியில் பாதிப் பேர் இந்த ஒரு இடத்தில்தான் சறுக்கினார்கள். நான் கொட்டாவியோடு நிறுத்திக்கொண்டேன்.

கையில் ஒரு கிளாஸ் கொடுக்க ஆசைப்பட்டது என் தப்பு. மனிதக் கையில் 27 எலும்பு. விரல் எலும்புகள் கிளாஸுக்கு முன்னால் வர வேண்டும், கட்டைவிரல் பின்னால் போக வேண்டும், பின்னால் போன விரல் டீயின் மேல்பக்கக் கண்ணாடியில் மங்கலாகத் தெரிய வேண்டும். ஒரு கைக்கு மட்டும் ஏழு லேயர். கடைசியில் கிளாஸைத் தூக்கிவிட்டு, வெசாலியஸ் வைத்த மண்டை ஓட்டின் இடத்தில் ஒரு பட்டர் பன்னை வைத்தேன், கை அப்படியே பொருந்திவிட்டது. "தலைப்பே மண்டை ஓடு, நீங்க அதை எடுத்துட்டு பன் வச்சிருக்கீங்களேண்ணே" என்று தம்பி ஆட்சேபித்தான். கழுத்துக்கு மேல் ஒன்று இருக்கிறதே, அது என்ன தேங்காயா என்று கேட்டேன்.

அந்தக் கல்லறை மேடையின் முகப்பில் லத்தீனில் ஒரு வரி இருக்கும், அறிவு வாழும், மிச்சமெல்லாம் சாவுக்கு என்ற பொருளில். அதற்குப் பதிலாகக் கல்லா மேசையில் 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று எழுதிப் போட்டேன். யூனிகோட் தமிழ் ஜிம்ப்பில் கொம்பும் காலும் உடையாமல் வருகிறது என்பதைத் தமிழில் போஸ்டர் செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். 3.0ல் எழுத்துக்கு வெளிக்கோடு போட்ட பிறகும் எழுத்தை மாற்றலாம், கோடு கூடவே வருகிறது.

இப்போது நிழல். இதைப் பற்றி மட்டும் தனியாக எழுத வேண்டும், ஏனென்றால் ஒட்டுப்படம் ஒட்டுப்படமாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், மென்பொருள் மேல் பழி போடுகிறோம். நான் எலும்புக்கூட்டை ஒட்டி, நிறம் சரிசெய்து, அழகாக ஒரு டிராப் ஷேடோ போட்டு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில்: "அண்ணே, உங்க ஊர்ல சூரியன் ரெண்டா?" கடைக் கூரையின் நிழல் இடப்பக்கம் விழுந்திருக்கிறது, என் ஆளின் நிழல் வலப்பக்கம். பழைய பதிப்பாக இருந்தால் நிழலை அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். 3.0ல் ஃபில்டர்கள் லேயரின் மேல் ஒட்டிக்கொண்டு தனியாகவே இருக்கின்றன, லேயர் பட்டியலில் எஃப்எக்ஸ் என்ற குறியைத் தட்டினால் போட்ட நிழல், போட்ட மங்கல் எல்லாம் வரிசையாக நிற்கும், எண்ணை மட்டும் மாற்றினால் போதும். என்னைக் கேட்டால் இந்தப் பதிப்பை ஏற்றுவதற்கு இந்த ஒன்றே போதும்.

ஆனால் திசையைத் திருப்பினாலும் டிராப் ஷேடோ சுவரில் ஒட்டிய ஸ்டிக்கர் நிழல்தான், தரையில் விழாது. அதனால் அதைத் தூக்கிவிட்டு, எலும்புக்கூட்டையே நகலெடுத்து, முழுக்கக் கறுப்பாக்கி, பர்ஸ்பெக்டிவ் கருவியால் தரையில் சாய்த்துப் படுக்கவைத்து, அடியிலிருக்கும் படத்தை இருட்டாக்கிக் காட்டும் மல்டிப்ளை முறையில் போட்டேன். பாதத்துக்கு அடியில் மட்டும் இன்னொரு மெல்லிய, கெட்டியான இருட்டு, அது இல்லாவிட்டால் ஆள் தரைக்கு நாலு அங்குலம் மேலே மிதப்பார். பாதத்திலிருந்து தள்ளிப் போகப் போக நிழல் மங்க வேண்டும். விலாக்கூட்டின் நிழலில் இடையிடையே வெயில் விழுந்தது பாருங்கள், அதைப் பார்த்தபோது ஒரு சாயங்காலம் போனது வீணில்லை என்று தோன்றியது.

மற்றவர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். ஒரு அக்கா, ஓவியர் ஹோல்பைன் 1533ல் 'தூதர்கள்' ஓவியத்தில் செய்த வித்தையை எடுத்துக்கொண்டார். அதில் இரண்டு பணக்காரர்களின் காலடியில் என்னவோ இழுத்துவிட்ட கறை போலத் தெரியும், பக்கவாட்டில் நின்று பார்த்தால் மண்டை ஓடு. அக்கா அதை ஒரு ஜீப்ரா கிராசிங்கில் இழுத்துப் படுக்கவைத்திருந்தார், போனைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அவர் பயன்படுத்தியதும் ஜிம்ப்தான், அளவு மாற்றும் கருவி ஒன்றே ஒன்று. இன்னொருவர் தன் பாதி முகத்தை மண்டை ஓடாக்கினார், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கண்குழியைக் கண்ணளவுக்குச் சுருக்கிவிட்டார். கண்குழி நாம் நினைப்பதைவிடப் பெரிசு, அதன் மேல் விளிம்பு புருவம் வரை வரும்.

ஜெயித்தது இவர்கள் யாரும் இல்லை. ஒரு கல்லூரிப் பெண், கோயில் தூண் ஒன்றில் இருந்த பிருங்கி முனிவர் சிற்பத்தைப் படமெடுத்து, பஸ் ஸ்டாப் வரிசையில் நிற்க வைத்திருந்தாள். சிவனை மட்டுமே சுற்றுவேன் என்று அடம்பிடித்து, அம்பிகையின் கோபத்தில் சதையெல்லாம் போய், நிற்க முடியாமல் தள்ளாடி, கடைசியில் சிவன் கொடுத்த மூன்றாவது காலில் நிற்பவர் அவர். நம் சிற்பிகள் விலா தெரிய, வயிறு ஒட்ட, மூன்று காலோடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். "மூணாவது கால் ஒட்டினதுதான் கொஞ்சம் இயல்பா இல்ல" என்று ஒருவர் குறை சொன்னார். அதுதான் அந்தப் படத்தில் அவள் தொடாத ஒரே இடம்.

குறைகளுக்கு வருவோம். சேமி என்று கொடுத்தால் ஜிம்ப் தன் எக்ஸ்சிஎஃப் வடிவத்தில்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று தனியாகப் போக வேண்டும். புதியவர்கள் எல்லோரும் ஒருமுறை இதில் குழம்புவார்கள், பழகினால் லேயர்கள் பத்திரமாக இருப்பதற்கு அதுவே நல்லது என்று தெரியும். 3.0ல் ஃபில்டர் ஒட்டிய கோப்பை 2.10 வைத்திருப்பவருக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை, அவரையும் ஏற்றச் சொல்லுங்கள். ஃபோட்டோஷாப்பிலிருந்து வருகிறவர்களுக்குக் கை பழக ஒரு வாரமாவது ஆகும், குறுக்குவிசைகள் வேறு. கருவிகளின் பெயர்கள் சில, பொறியாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட மாதிரி இருக்கின்றன. நாற்பது லேயர் தாண்டியதும் என் பழைய நாலு ஜிபி லேப்டாப் மூச்சு வாங்கியது, அது லேப்டாப்பின் குற்றம். இடையிடையே கண்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். சார்ஜர் பின் ஆடிக் கழன்று நான் இழந்த அரை மணி நேரத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது.

போனில் முகத்துக்குப் பளபளப்பு ஏற்றிப் போடுகிறவர்களுக்கு இது வேண்டாத தலைவலி. ஆனால் ஒரு எலும்பை எடுத்து அது நிஜமாகவே அங்கே நின்றது என்று இன்னொருவரை நம்பவைக்க வேண்டும் என்ற கிறுக்கு இருந்தால், காசு செலவில்லாமல் கிடைப்பதில் இதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். ஐந்துக்கு நாலு தருவேன், அந்த ஒன்று பெயர்களுக்காகக் குறைத்தது.

போட்டி முடிந்த மறுநாள் காலை படத்தைப் போனில் வைத்து டீக்கடை மாஸ்டரிடம் காட்டினேன். ஆற்றிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, விரலால் பெரிதாக்கி, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். எலும்புக்கூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"நம்ம பெஞ்சுக்கு ஒரு கால் காணோமேப்பா."

எலும்புக்கூட்டின் கால் பெஞ்சுக்குப் பின்னால் போவதற்காகப் பெஞ்சைத் தனி லேயராக மேலே வைத்திருந்தேன், ஓரத்தைச் சுத்தம் செய்யும்போது பெஞ்சுக் காலையும் சேர்த்துப் பூசியிருக்கிறேன். ஒன்பது பேர் விலா எலும்பை எண்ணினோம், பெஞ்சுக் காலை யாரும் எண்ணவில்லை. வீட்டுக்குப் போய் மாஸ்க்கில் வெள்ளை பூசினேன், கால் அப்படியே திரும்ப வந்தது.