அடையாறில் கேரியர் டெஸ்ட்: என் அனுபவம்

அக்கா பையனுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் பரம்பரை நோய்) என்று தெரிந்த பிறகு, கல்யாணத்துக்கு முன்னால் நானும் கேரியரா, அதாவது நோய் இல்லாமல் அதன் மரபணு மாற்றத்தை மட்டும் சுமப்பவளா என்று பார்த்துவிடலாம் என அடையாறில் ஒரு மரபணு ஆலோசனை மையத்துக்குப் போனேன். ரத்தம் எடுக்க ஐந்து நிமிஷம்தான். ஆனால் ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் கழித்துத்தான் வந்தது, போன் செய்தாலும் எடுக்க ஆளில்லை, எனக்குத் தூக்கமே போய்விட்டது.

நான் கேரியர். ஆலோசகர் அவசரப்படவே இல்லை, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கோடு போட்டு, ஏழாவது குரோமோசோமில் இருக்கும், இந்த நோயோடு தொடர்புள்ள சிஎஃப்டிஆர் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் அடித்துக் காட்டி, "மிச்சம் ஒண்ணு நல்லா வேலை செய்யுதும்மா, அந்த நோய் உங்களுக்கு வராது" என்றார். அப்புறம் மீதியையும் மறைக்கவில்லை: 2020-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், சுமார் 20,000 கேரியர்களிடம் கணைய அழற்சி, மூச்சுக்குழாய் விரிவு, சைனஸ் தொல்லை, ஆண்களுக்குக் குழந்தையின்மை எல்லாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்ததாம், ஆனாலும் ஒரு தனி ஆளுக்கு இவை வரும் வாய்ப்பு குறைவுதான். கேரியருக்கு ஒன்றுமே ஆகாது என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரும் டெஸ்ட் எடுக்கப் போகிறார். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு இந்த நோய் வர 25 சதவீத வாய்ப்பு.

ஆலோசனைக்குத் தாராளமாகப் போகலாம், ரிப்போர்ட் தேதியை மட்டும் நம்பாதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது நோய் இருந்தால் அவருடைய மரபணு ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், பொதுவான டெஸ்டில் நம் ஊர்க்காரர்களிடம் காணப்படும் மரபணு மாற்றங்கள் சில தப்பிவிடலாம்.