மலையா, ஏரியா, கடலா: வருடாவருடம் போகிறவர்களின் கணக்கு

ஒரே ஒரு முறை போவதென்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மழை கொட்டினாலும் அறை வாய்க்காவிட்டாலும், வீடு திரும்பியதும் அதுவே சொல்லிச் சிரிக்கிற கதையாகிவிடும். அதே குடும்பம், அதே கோடை, அதே ஏழெட்டு நாள், அதுவும் வருடாவருடம் என்றால் கணக்கு வேறு. பாட்டிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வயது கூடியிருக்கிறது. போன கோடையில் தவழ்ந்தது இந்தக் கோடையில் தண்ணீரைப் பார்த்து ஓடுகிறது. பன்னிரண்டு வயதில் கூடவே நடந்த பிள்ளை பதினைந்தில் பத்தடி தள்ளி நடக்கிறது.

அழகை வைத்து எடைபோட்டால் முடிவே வராது. மூன்றும் அழகுதான். அதனால் நான் கேட்பது ஒரே கேள்வி: அங்கே போனால் யாரால் நிம்மதியாக உட்கார முடிகிறது? எட்டுப் பேர் போனால் விடுமுறை எத்தனை பேருக்கு, காவல் வேலை எத்தனை பேருக்கு? கடற்கட்சியில் வளர்ந்த ஆள் நான். இந்தக் கேள்வியால்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஏரிக்கட்சிக்குத் தாவினேன்.

போய்ச் சேர்வதில் கடலுக்கே முதலிடம். சாலை பெரும்பாலும் சமதளம். மலைக்கு ஏறும் கடைசி ஒன்றிரண்டு மணி நேரக் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி விடுமுறையின் உற்சாகம் பிளாஸ்டிக் பைக்குள் போய்விடும். உடல் திரும்புகிறது என்று உள்காது சொல்கிறது. மடியில் இருக்கும் செல்போனைப் பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த முரண்தான் குமட்டலாகிறது. இரண்டு வயதுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்டவர்களை இது அதிகம் படுத்தும். திரையைப் பிடுங்கி வைத்துவிட்டு, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொன்னால் பாதி குறையும். மீதிப் பாதிக்குப் பைதான்.

வெப்பத்தில் மலையை யாரும் அசைக்க முடியாது. 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். அடிவாரத்தில் 35 டிகிரி கொளுத்தும்போது 2000 மீட்டரில் 22 டிகிரி. மின்விசிறி தேவையில்லை, இரவில் போர்வை வேண்டும். ஆனால் அந்தக் குளிர்ச்சி ஓர் ஏமாற்று. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. வெயில் சுடாததால் யாருக்கும் தொப்பி நினைவுக்கு வராது; மாலையில் பிள்ளைகளின் மூக்குத் தோல் உரியத் தொடங்கும்போதுதான் வரும். கடற்கரையில் இந்த ஏமாற்று வேலையைக் கடற்காற்று செய்கிறது. முற்பகலில் கிளம்பி பிற்பகலில் வலுக்கும் அந்தக் காற்று உடம்பைக் குளிர்த்துக்கொண்டே இருக்க, உலர்ந்த மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 15 சதவீதத்தைத் திருப்பி முகத்துக்கு அனுப்பும். குடைக்குக் கீழே இருந்தும் கறுத்துப் போவது இதனால்தான்.

மலை என்றால் உயரத்தையும் பார்க்க வேண்டும். 2500 மீட்டருக்குக் கீழே தங்கினால் பெரும்பாலோருக்குச் சிக்கல் இல்லை. அதற்கு மேல் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று ஆரம்பிக்கலாம். பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். கைக்குழந்தை அழத்தான் செய்யும், ஏன் என்று உங்களுக்குப் புரியாது.

பிற்பகல் இரண்டு மணி

எந்த இடத்தையும் காலை ஆறு மணிக்கோ மாலை ஆறு மணிக்கோ பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த நேரத்தில் எல்லா இடமும் சொர்க்கம். இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

மலையில் அந்நேரம் மேகம் திரண்டிருக்கும். காலை வெயிலில் சரிவுகள் சூடேறி, காற்று மேலெழுந்து, கோடையில் பிற்பகல் இடிமழையாக இறங்குவது பல மலைகளில் அன்றாட வழக்கம். அதனால் மலை நாள் என்பது உண்மையில் அரை நாள். விடியலில் கிளம்பி மதியத்துக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும். இதற்குப் பதின்ம வயதுப் பிள்ளையை எழுப்ப வேண்டும் என்பதை மலைப் பிரியர்கள் சொல்வதே இல்லை.

கடலில் அந்நேரம் மணல் காலைச் சுடும். நிழல் ஓரிடத்தில், தண்ணீர் வேறிடத்தில். கடல்நீர் ஏறி இறங்கும் ஓதம் வேறு. பெரும்பாலான கரைகளில் ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதாவது எல்லாம் நாளொன்றுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகிறது. திங்களன்று காலை ஒன்பது மணிக்கு நீர் உள்வாங்கிக் குழந்தைகள் விளையாடத் தோதாக இருந்த அதே திட்டு, ஞாயிறன்று அந்நிலைக்கு வர மதியம் இரண்டாகும். குழந்தையின் தூக்க நேரத்தைக் கடல் மதிக்காது.

ஏரியில் இரண்டு மணிக்கு ஒன்றும் நடக்காது. அதுதான் அதன் பெருமை. தண்ணீர் காலையில் இருந்த இடத்திலேயே இருக்கும். உப்பும் அலையும் இல்லாததால் மரங்கள் கரைவரை வந்து நிற்கும். மர நிழலில் போட்ட நாற்காலிக்கும் தண்ணீரில் நிற்கும் பிள்ளைக்கும் பத்தடி. என்னைக் கட்சி மாற வைத்தது இந்தப் பத்தடிதான். கடற்கரையில் அந்தத் தூரம் ஐம்பது, அறுபது அடியாகி, நடுவில் கொதிக்கும் மணல் இருக்கும்போது, பெரியவர்களில் ஒருவர் எப்போதும் வெயிலில் நின்றபடி காவல். அநேகமாக அது ஒரே ஆள். வருடாவருடம் அதே ஆள்.

தண்ணீர்

ஏரி பாதுகாப்பானது, கடல் ஆபத்தானது என்று இதைப் படித்துவிட்டு யாராவது நினைத்தால் அது என் தவறு. இரண்டும் வேறு வேறு விதத்தில் ஆளை விழுங்கும்.

கடலின் ஆபத்து, அலை உடையும் இடங்களுக்கு நடுவே அமைதியாகத் தெரியும் அந்த ஒரு பட்டை. கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே திரும்புகிறது. நீச்சல் தெரியாதவர் "அங்கே அலையே இல்லை" என்று அதையே தேடிப் போவார். வேகம் வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டக்கூடும். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிப்பதில்லை. மிதந்துகொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி, பிறகுதான் திரும்ப வேண்டும். காற்றடைத்த மிதவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிலத்திலிருந்து கடல் பக்கம் காற்று வீசும் நாளில், கரையோரம் அலையே இல்லாமல் அழகாக இருக்கும். மிதவை மட்டும் உட்கார்ந்த பிள்ளையோடு போய்க்கொண்டே இருக்கும்.

ஏரி இப்படியெல்லாம் மிரட்டாது. குளிர்ந்த நாடுகளின் ஆழமான ஏரிகளில் கோடை வெயில் மேல்மட்டத்து நீரை மட்டுமே சூடாக்குகிறது. சில மீட்டர் கீழே தண்ணீர் சட்டென்று குளிரும். அடியில் 4 டிகிரியை ஒட்டியே இருக்கும். படகிலிருந்தோ பாறையிலிருந்தோ குதிக்கிறவர் அந்தக் குளிரில் மூச்சை உள்ளிழுத்தால் அவ்வளவுதான். நன்னீரில் உடம்பு கடலில் மிதக்கும் அளவுக்கு மிதக்காது. கடல்நீரின் அடர்த்தி இரண்டரை சதவீதம் அதிகம். பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் அன்று யாரும் இறங்கக் கூடாது; நச்சுப் பாசியாக இருக்கலாம். அமைதியான நீர் என்பதால் பெரியவர்கள் செல்போனை எடுத்துவிடுவதுதான் எல்லாவற்றையும்விட மோசம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது. பத்தடி நாற்காலி என்று சொன்னது நீந்தத் தெரிந்த பிள்ளைக்கு. தெரியாத பிள்ளைக்குக் கை எட்டும் தூரம், கூடவே லைஃப் ஜாக்கெட்.

சலிப்பு

ஏரியின் பலவீனம் இங்கேதான். மூன்றாம் நாள் பதினைந்து வயது கேட்கும்: "இங்க என்னதான் பண்றது?" நியாயமான கேள்வி. கடல் தினமும் தானாகவே வேறாகிறது. சங்கு, நண்டு, அலை, மனிதக் கூட்டம். மலையில் ஓர் உச்சி கண்ணுக்குத் தெரிகிறது, போய்த் தொடலாம். ஏரியில் கொசு இருக்கிறது.

தமிழில் மலைக்குக் குறிஞ்சி உண்டு, கடலுக்கு நெய்தல் உண்டு. ஏரிக்கெனத் தனித் திணை கிடையாது. வயலோடும் பொய்கையோடும் மருதத்தில்தான் சேர்க்க வேண்டும். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பாடியவர்கள் தலைவன் தலைவியை மனத்தில் வைத்துச் சொன்னதுதான். ஒரே குளியலறையை எட்டுப் பேர் ஏழு நாள் பங்குபோட்டவர்களுக்கும் பொருந்துகிறது.

வருடாவருடம் என்று வரும்போது மலைக்கு ஒரு தனி வலிமை இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே பாதையில் நடந்தால் அது குடும்பத்தின் அளவுகோல் ஆகிவிடும். இந்தப் பாறையில்தான் நாலு வயதில் தூக்கச் சொன்னாள், அடுத்த வருடம் அந்த மரம்வரை வந்தாள், பிறகு எங்களை முந்தினாள். அதே கோல் மறுபக்கமும் அளக்கிறது. பாட்டி முதலில் மேல்முனைவரை வந்தார்; பிறகு பாதிவழிப் பெஞ்சு; போன முறை வாசலிலேயே, "நீங்க போயிட்டு வாங்க." மலை குடும்பத்தை வேகம் பார்த்துப் பிரிக்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் இருந்ததாக எங்களிடம் இருக்கும் மலைப் படங்கள் அத்தனையும் வாகன நிறுத்துமிடத்தில் எடுத்தவை.

இரண்டையும் சேர்த்துக் கேட்கிறவர்களுக்கு மலையடிவார ஏரிகள் இருக்கின்றன. இத்தாலியின் கோமோ போன்ற ஏரிகளில் காற்றுக்கே அட்டவணை உண்டு: விடியற்காலையில் வடக்கிலிருந்து திவானோ, மதியத்துக்குமேல் தெற்கிலிருந்து ப்ரேவா. மலைச்சரிவுகள் பகலில் சூடேறுவதும் இரவில் குளிர்வதுமே காரணம். மலைசூழ்ந்த ஏரிகள் பலவற்றிலும் இதே ஒழுங்கைப் பார்க்கலாம். துடுப்புப் படகை இரண்டு காற்றுக்கும் நடுவே நீர் கண்ணாடியாகும் காலை நேரத்தில் எடுங்கள். நடக்கிறவர்கள் அப்போதே மலைக்குக் கிளம்பலாம், இடி இறங்கும் முன் கீழே வந்துவிடலாம். பாட்டி மரத்தடியில் இருந்தபடியே இரு கோஷ்டியையும் விசாரிக்கலாம்.

இந்தக் கோடைக்கு எங்கள் வீட்டில் ஐந்து நாள் ஏரி, இரண்டு நாள் கடல் என்று பேசி முடித்திருக்கிறோம். கடல் கேட்டது பதினைந்து வயது. அந்த இரண்டு நாளுக்கான ஓத அட்டவணையைப் பார்த்துவைக்கும் பொறுப்பும், மணலில் நின்று தம்பியைக் கவனிக்கும் முதல் ஒரு மணி நேரமும் அவளுடையவை. இரண்டாவதற்கு இன்னும் அவள் சம்மதிக்கவில்லை.