ரிமோட் நீர்மூழ்கிக்கான பாகங்கள்: எதற்குக் காசு தரலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

வீட்டில் ரிமோட் நீர்மூழ்கி கட்டக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டைத்தான். டிரோனுக்கும் விமானத்துக்கும் அதுதானே ஓடுகிறது என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். பட்ஜெட்டில் பாதி அங்கேயே காலி. படகு ஒரு சாண் ஆழம் போனதும் சிக்னலும் போய்விடும். ரிமோட்டில் குறை எதுவும் இல்லை. அந்த அலைவரிசையைத் தண்ணீர் உறிஞ்சிவிடுகிறது, அவ்வளவுதான். மைக்ரோவேவ் அடுப்பு சாப்பாட்டைச் சூடாக்குவதும் ஏறத்தாழ இதே அலைவரிசையில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் புரியும்.

நீருக்குள் ஓரளவு இறங்குவது 27, 40 மெகாஹெர்ட்ஸ் போன்ற பழைய பொம்மை அலைவரிசைகள்தான். நல்ல தண்ணீரில் ஓரிரு மீட்டர் ஆழத்துக்குத் தாராளமாக வேலை செய்யும். இதைத் தனி மாட்யூலாகத் தேடி அலைவதைவிட, உள்ளங்கை அளவில் விற்கும் குட்டி ரிமோட் நீர்மூழ்கி பொம்மையை வாங்கி அதன் போர்டைக் கழற்றிக்கொள்வது உத்தமம். பொம்மை கார் போர்டும் கிடைக்கும், ஆனால் அதில் முன், பின், இடம், வலம் என நான்கு கட்டளைதான். நீர்மூழ்கி பொம்மையில் மேலே, கீழே சேர்த்து ஆறு. வாங்கும்போது பெட்டியில் 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இன்ஃப்ராரெட்டில் ஓடும் ரகமும் உண்டு, கலங்கிய தண்ணீரில் அது எடுபடாது.

அந்தப் போர்டு நேரடியாகப் பெரிய மோட்டாரை இழுக்காது. மோட்டாருக்குப் போகும் ஒயர்களை டிஆர்வி8833 டிரைவரின் (சிக்னலைப் பார்த்துப் பெரிய மோட்டாரை ஓட்டும் சின்ன போர்டு) உள்ளீட்டில் கொடுத்து, இரண்டு போர்டின் நெகட்டிவையும் ஒன்றாக இணைத்துவிட்டால் போதும். பொம்மையின் 3.7 வோல்ட் அதற்குத் தெளிவான சிக்னல், அர்டுவினோ போன்ற புரோகிராம் எழுதும் போர்டு தேவையே இல்லை. இரண்டு தள்ளு மோட்டார், நீரை உள்ளிழுத்துப் படகை மூழ்கவைக்கும் சிரிஞ்சுக்கு ஒரு மோட்டார், ஆக மூன்று. ஒரு டிரைவரில் இரண்டு மோட்டார்தான் ஓடும் என்பதால் இரண்டு டிரைவர் வாங்க வேண்டும். கடைக்காரர் எல்298என் டிரைவரை எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதிலேயே கிட்டத்தட்ட 2 வோல்ட் சூடாகப் போய்விடும். மூடிய குழாய்க்குள் அந்தச் சூடு போக வழியும் இல்லை.

இந்தப் பழைய ரிசீவர்களின் பெரிய எதிரி மோட்டார் பிரஷ்ஷில் பறக்கும் பொறி. மேசையில் ரிமோட்டை அழுத்தும்போது ஒழுங்காக ஓடி, மோட்டார் வேகமெடுத்ததும் விட்டுவிட்டு ஓடினால் காரணம் அதுதான். ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று 104 செராமிக் கெபாசிட்டர் சால்டர் செய்யுங்கள்: இரண்டு முனைகளுக்கும் இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டாரின் உலோக உடலுக்கு ஒன்று. சில ரூபாய் சமாச்சாரம்.

2.4 ரிமோட் ஏற்கெனவே கையில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். ரிசீவர் ஆன்டெனாவை மெல்லிய கோஆக்ஸ் ஒயரால் (நடுக்கம்பியைச் சுற்றி ஷீல்டு என்ற உலோக வலை உள்ள ஒயர்) நீட்டி, நுனியை ஒரு சின்ன மிதவையில் நீருக்கு மேலே நிறுத்தலாம். நுனியில் 31 மில்லிமீட்டர் மட்டும் ஷீல்டை உரித்துவிட வேண்டும். அந்த நீளம்தான் ஆன்டெனா, மற்றதெல்லாம் வெறும் குழாய். சாதாரண ஒயரை நீட்டி ஒட்டுப்போட்டால் வேலைக்கு ஆகாது. மிதவை இழுத்துக்கொண்டே வருவது அழகைக் கெடுக்கும், ஆனால் படகு எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். இந்த வழியில் கிடைக்கும் பெரிய லாபம் வேறு: சிக்னல் மூன்று விநாடி வராவிட்டால் சிரிஞ்சைக் காலி செய் என்று அர்டுவினோ நானோவுக்கு எழுதிவைத்துவிடலாம், படகு தானே மேலே வந்துவிடும். பொம்மை போர்டில் இந்த வசதி கிடையாது. சிக்னல் அறுந்தால் மோட்டார்கள் நிற்கும், படகு இருந்த ஆழத்திலேயே இருக்கும். அதனால் அந்தப் படகின் வாலில் ஒரு தூண்டில் நரம்பு கட்டாயம்.

உடலுக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய், 40 சென்டிமீட்டர் நீளம் போதும். 110 குழாயின் வெட்டுத்துண்டு பிளம்பரிடம் சும்மாவே கிடைக்கும், ஆனாலும் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். 75 குழாய் 40 சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1,770 மில்லி நீரை விலக்கும். அப்படியென்றால் படகின் மொத்த எடை 1.77 கிலோ இருந்தால்தான் மூழ்கும். குழாய் 300 கிராம், மோட்டார், பேட்டரி, போர்டு எல்லாம் சேர்த்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், மீதி ஒரு கிலோ வெறும் பாரம். அதே நீளத்துக்கு 110 குழாய் என்றால் மொத்தம் 3.8 கிலோ. பாரத்துக்கு மட்டும் இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஈயக் குண்டு வாங்க வேண்டிவரும், அதைத் தள்ள மோட்டாரும் பெரிதாக வேண்டும்.

ஒரு முனையில் எண்ட் கேப்பை சால்வென்ட் சிமென்ட் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிடலாம். மறுமுனையில் எஃப்டிஏ (உள்பக்கம் மரை உள்ள இணைப்பான்) ஒட்டி, மரை பிளக்கால் மூட வேண்டும். டெஃப்லான் டேப் சுற்றினால் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுற்ற வேண்டும். பிளக்கின் தோளில் ஓ-ரிங் வைத்து சிலிகான் கிரீஸ் தடவுவது எவ்வளவோ மேல். ஒரு மீட்டர் ஆழத்தில் இந்த மூடி மேல் விழும் அழுத்தம் சுமார் 4.4 கிலோ எடைக்குச் சமம் என்பதால் வெறும் பசையை நம்ப முடியாது.

இனி சிரிஞ்ச். மூழ்குவதையும் எழுவதையும் தீர்மானிக்கும் பொருள் இதுதான், இந்தப் பட்டியலிலேயே மலிவானதும் இதுதான். 60 மில்லி சிரிஞ்சில் இரண்டு ரகம் இருக்கிறது. ஊசி மாட்டும் குறுகிய மூக்கு உள்ளதைத் தவிருங்கள், நீர் புகுந்து வெளியேற நேரமெடுக்கும். மூக்கு வழியாக உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூபுக்குப் பயன்படுத்தும் பெரிய வாய் சிரிஞ்ச் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். வாயில் மெல்லிய வலைத்துணி கட்டாவிட்டால் மணல் உள்ளே போய் ரப்பரைக் கீறிவிடும். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ் மட்டும்தான். தேங்காய் எண்ணெயோ வாசலினோ போட்டால் ரப்பர் ஊதிப்போய் பிஸ்டன் இறுகிவிடும்.

சிரிஞ்சை இழுக்க, அச்சே எம்4 திருகாக நீண்டிருக்கும் என்20 கியர் மோட்டார் விற்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். திருகு நீளம் 55 மில்லிமீட்டரிலும் உண்டு, 100 மில்லிமீட்டரிலும் உண்டு. படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 55 வாங்கினால் பிஸ்டன் 5 சென்டிமீட்டர்தான் நகரும், சிரிஞ்சில் 28 மில்லி நீர்தான் ஏறும். 1,770 மில்லி படகுக்கு அது ஒன்றரைச் சதவீதம். சமன்படுத்துவதில் கொஞ்சம் பிசகினாலும் படகு ஒன்று மூழ்காது, இல்லை எழாது. 100 என்றால் 52 மில்லி கிடைக்கும், மூன்று சதவீதம் ஆகிறது, தாராளம். வேகம் 300 ஆர்பிஎம் எடுங்கள். எம்4 திருகு ஒரு சுற்றுக்கு 0.7 மில்லிமீட்டர் நகரும், ஆகவே முழு ஓட்டத்துக்கு 27 விநாடி. 100 ஆர்பிஎம் மோட்டாரில் அதுவே 80 விநாடி, கரையில் நின்று பார்க்கப் பொறுமை போய்விடும்.

இந்த மோட்டாரின் பலவீனம் கியர்பாக்ஸ். சுற்றுவதற்குத்தான் அது செய்யப்பட்டது, அச்சு நேராக இழுபடுவதற்கு அல்ல. பிஸ்டன் பின்னால் வரும்போது ரப்பர் உராய்வு திருகை இழுக்க, பித்தளைத் தகடு வளைந்து பல் நழுவும். கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். திருகு ஒரு சின்ன பால் பேரிங் வழியாகப் போகும்படி ஒரு தகட்டைப் பொருத்தி, பேரிங்கின் இரு பக்கமும் லாக் நட் போட்டுவிட்டால் இழுவை தகட்டுக்குப் போய்விடும்.

பிஸ்டன் இரு முனையையும் தொட்டதும் மோட்டார் நிற்க வேண்டும். இரண்டு மைக்ரோ சுவிட்சைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றுக்கும் இணையாக ஒரு 1என்4007 டயோடு எதிரெதிர் திசையில் போடுங்கள். சுவிட்ச் திறந்ததும் அந்தத் திசை அடைபடும், எதிர்த்திசைக்கு டயோடு வழிவிடும். இது இல்லாமல் ஓட்டினால் மோட்டார் எரியும், அல்லது நட் பிய்ந்து வரும்.

சிரிஞ்சுக்குப் பதிலாக விற்கும் மாற்றுகளையும் சொல்லிவிட வேண்டும். நடுவில் செங்குத்து புரொப்பெல்லர் வைத்து அழுத்துவது சுலபம்தான், குட்டி பொம்மைகள் எல்லாம் அப்படித்தான். ஆனால் ஆழத்தில் இருக்கும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். சின்ன மீன்தொட்டி பம்பும் பலூனும் சேர்ந்த முறை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். பம்ப் நின்றதும் நீர் வந்த வழியே திரும்பிவிடும், பலூனும் ஒரு பக்கம் சாய்ந்து படகின் மூக்கைத் தூக்கும். பெரிஸ்டால்டிக் பம்ப் (உருளைகள் ரப்பர் குழாயை நசுக்கி நீரைத் தள்ளும் ரகம்) நீரைப் பிடித்துவைக்கும், ஆனால் மெதுவானது, விலையும் கூட.

தள்ளு மோட்டார்களை உள்ளே வைத்து அச்சுக்கு சீல் போடுவது அனுபவசாலிகளுக்கான வேலை. முதல் படகுக்கு இரண்டு சாதாரண 130 மோட்டாரை வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக, நீரிலேயே விட்டுவிடலாம். நல்ல தண்ணீரில் பிரஷ் மோட்டார் ஓடும். கொஞ்ச நாளில் பிரஷ் அரித்துப்போகும், அப்போது மாற்றிக்கொள்ளலாம், அதன் விலை அவ்வளவுதான். திரும்புவதற்குச் சுக்கான் வேண்டாம், ஒரு பக்க மோட்டாரை நிறுத்தினால் போதும். புரொப்பெல்லர் 30 மில்லிமீட்டருக்கு மேல் போனால் டிரைவர் சூடாகிக் கட்டாகும்.

கசிவு பெரும்பாலும் மூடியில் வராது, ஒயரில் வரும். பல இழை ஒயரின் இன்சுலேஷனுக்குள்ளேயே நீர் ஊறி உள்ளே வந்துவிடும். வெளியே எவ்வளவு எம்-சீல் அப்பினாலும் பிரயோஜனம் இல்லை. ஒயர் குழாயைத் துளைக்கும் இடத்தில் ஒரு சென்டிமீட்டர் இன்சுலேஷனை உரித்து, இழைகளுக்குள் சால்டர் முழுவதும் இறங்கும்படி ஊற்றிக் கட்டியாக்கி, அந்த இடத்தின் மேல் எபாக்சி போட வேண்டும். பிவிசியை முதலில் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக் இங்கே உதவாது, அதிர்வில் விரிசல் விடும்.

வெயிலில் வைத்து மூடிவிட்டு உடனே தண்ணீரில் இறக்காதீர்கள். உள்காற்று 40 டிகிரியிலிருந்து 28 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளழுத்தம் நாலு சதவீதம் இறங்கும். அது 40 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சமமான உறிஞ்சல், லேசான இடைவெளி இருந்தாலும் நீரை இழுத்துவிடும். நிழலில் மூடுங்கள். முதல் சோதனைக்கு உள்ளே டிஷ்யூ பேப்பர் போட்டு அரை மணி நேரம் டிரம்மில் அமிழ்த்தி வையுங்கள்.

எடை சரிபார்ப்பதும் அதே டிரம்மில்தான். சிரிஞ்ச் காலியாக இருக்கும்போது படகு முதுகு தெரிய மிதக்க வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் நீருக்குள் அப்படியே நிற்க வேண்டும். பாரத்தைக் குழாயின் அடிப்பக்கம் போடுங்கள், இல்லாவிட்டால் படகு உருளும். ஒரு கிலோ இரும்பை வெளியே கட்டினால் அது 128 மில்லி நீரை விலக்கும், அதாவது 872 கிராமாகத்தான் வேலை செய்யும். அழகுக்கு மேலே ஓடு மாட்டினால் உச்சியில் துளை போடுங்கள். அங்கே சிக்கும் காற்று ஒரு மீட்டர் ஆழத்தில் சுமார் ஒன்பது சதவீதம் சுருங்கும், மேலே நன்றாக நின்ற படகு கீழே போகப் போக வேகமாக இறங்கும்.

கடலில் விட ஆசைப்படுகிறவர்களுக்கு: உப்பு நீரில் இந்த ரேடியோ எதுவும் இறங்காது, படகுக்கும் 44 கிராம் பாரம் கூடுதலாக வேண்டும். உப்புக்கரிக்கும் போர் தண்ணீரிலும் எட்டும் ஆழம் குறையும்.

பேட்டரிக்கு 18650 லித்தியம் செல் இரண்டு, தொடராக, செல்களைப் பாதுகாக்கும் பிஎம்எஸ் போர்டும் ஒரு ஃபியூஸும் கட்டாயம். நீர் புகும் வாய்ப்புள்ள குழாய்க்குள் லித்தியம் வைப்பதால் இதில் சிக்கனம் கூடாது. 9,800 எம்ஏஎச் என்று அச்சிட்ட செல்களைத் தொடவே தொடாதீர்கள். இந்த அளவு செல்லில் 3,500-ஐத் தாண்டுவதே அரிது. நல்ல செல் 45 கிராமுக்கு முன்பின் இருக்கும். கடையில் சின்னத் தராசு இருந்தால் வைத்துப் பாருங்கள், 35 காட்டினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.