குழந்தையோடு ரிசோர்ட்டுக்குப் போகிறீர்களா? பாலிக் பூலாவில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பினாங்கில் பாலிக் பூலாவ் பக்கம், வயலுக்கும் டுரியான் தோட்டத்துக்கும் நடுவில் இருக்கும் ரிசோர்ட்டுகளின் விளம்பரம் முகநூலில் வரிசையாக வருகிறது. ‘குடும்பத்துக்கு ஏற்றது’, ‘கைக்குழந்தைக்கும் எல்லா வசதியும் உண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். எல்லாரையும் குறை சொல்லவில்லை. நாங்கள் தங்கிய இடம் எங்களை ஏமாற்றியது. பணத்தை விடுங்கள், ஒன்றரை வயதுப் பிள்ளையை அங்கே ஓர் இரவு வைத்திருந்ததை நினைத்தால் இன்னமும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பெயரை இங்கே போடவில்லை. புகார் விசாரணைக்குப் போயிருக்கிறது, அது முடியும்வரை பொதுவில் பெயர் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறோம். தனிச்செய்தியிலும் கேட்காதீர்கள், தயவுசெய்து.

நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். மகனுக்கு எட்டியதையெல்லாம் பிடித்து ஏறுகிற வயது. மாமியாருக்கு முழங்கால் வலி. இதையெல்லாம் சொல்லித்தான் வாட்ஸ்அப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கீழ்த்தள வில்லா வேண்டும். பேபி காட், அதாவது குழந்தைக் கட்டில் வேண்டும். வில்லாவை ஒட்டி வேலியில்லாத தண்ணீர் இருக்கக் கூடாது. பால் கலக்க அறையில் கெட்டில் வேண்டும். ராத்திரி கஞ்சி கிடைக்குமா? எல்லாவற்றுக்கும் ‘உண்டு மேடம், கவலைப்படாதீர்கள்’ என்றுதான் பதில். குழந்தைகள் குளத்தின் படத்தையும் அனுப்பினார்கள்: முழங்கால் ஆழத் தண்ணீர், சுற்றிலும் வெள்ளை வேலி, கொக்கி போட்ட கதவு. ஓர் இரவுக்கு 980 வெள்ளி (ரிங்கிட்), அதற்கு மேல் 300 வெள்ளி டெபாசிட். மொத்தத்தையும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொன்னார்கள், போட்டோம்.

இரண்டாவது பாலம் ஏறி, தெலுக் கும்பார் தாண்டி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. வழியில் மகன் வாந்தி எடுத்துக் களைத்துப் போயிருந்தான். கவுண்டரில் இருந்த பெண் சாவியைக் கொடுத்துவிட்டு, மேல்மாடி வில்லா என்றார். கீழ்த்தளம் வேறொரு பெரிய குழுவுக்குப் போய்விட்டதாம். “எனக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறீர்களே” என்று போனைக் காட்டினேன். “அது ரிக்வெஸ்ட்தான் மேடம், கன்ஃபர்ம் இல்லை” என்றார். வாட்ஸ்அப்பில் அவர்கள் எழுதியிருந்ததோ ‘கன்ஃபர்ம்’ என்றுதான்.

அங்கேயே இன்னொன்று. பில்லில் சுற்றுலா வரி என்று ஓர் இரவுக்கு 10 வெள்ளி சேர்த்திருந்தார்கள். இது 2017-இல் வந்த வரி, வெளிநாட்டுப் பயணிகளுக்கு மட்டும்தான். மலேசியக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கட்ட வேண்டியதில்லை. “எல்லாருக்கும் உண்டு” என்று அடித்துச் சொன்னார்கள். என் கணவர் மைகாட்டை (அடையாள அட்டையை) எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் அழித்தார்கள். சேவை வரி 8 விழுக்காடு முறையானது, 2024 மார்ச்சிலிருந்து தங்குமிடங்களுக்கு அதுதான் விகிதம். பினாங்கில் ஊராட்சி வசூலிக்கும் ஹோட்டல் கட்டணமும் 2014-இலிருந்து இருக்கிறது, அதுவும் சரி. ஆனால் அந்தப் 10 வெள்ளியை எத்தனை குடும்பங்கள் கேள்வி கேட்காமல் கட்டிவிட்டுப் போயிருக்கும்? பில்லை வரி வரியாகப் பாருங்கள்.

வில்லாவுக்கு மரப் படிக்கட்டு. படிகளுக்கு நடுவே பலகை இல்லை, கீழே தரை தெரிகிறது. மேலே பால்கனியில் குறுக்குக் கம்பிகள். நடக்கக் கற்ற பிள்ளைக்குக் குறுக்குக் கம்பி என்றால் ஏணிதான். மகனைக் கீழே விட்டதுமே நேராக அங்கே போய் முதல் கம்பியில் கால் வைத்தான். பெட்டியையும் நாற்காலிகளையும் தள்ளி அந்தக் கதவை அடைத்தோம்.

அப்புறம் கட்டில். கேட்டுக் கேட்டு, இருட்டின பிறகு கொண்டுவந்தார்கள். பழைய மரக் கட்டில், ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் இறங்கும் வகை. அதன் கொக்கி ஒன்று உடைந்து, கம்பியால் கட்டியிருந்தது. இந்த இறங்கும் தடுப்புக் கட்டிலை அமெரிக்காவில் 2011-இலேயே தயாரிக்கவும் விற்கவும் தடை செய்துவிட்டார்கள். தடுப்பு கழன்று விழும்போது மெத்தைக்கும் தடுப்புக்கும் இடையில் குழந்தையின் தலை சிக்கிக்கொள்கிறது. 2000-ஆம் ஆண்டிலிருந்து அந்தத் தடை வரும்வரை குறைந்தது 32 குழந்தைகள் அப்படி இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமே கணக்குச் சொன்னது. எங்களுக்கு வந்த கட்டிலில் மெத்தை வேறு அளவு. ஓரத்தில் என் கை முழுதாக உள்ளே போனது. கம்பிகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கணக்கு. அளவுகோல் தேடவே வேண்டாம், சாதாரணக் குளிர்பான டின் கம்பிகளுக்கு நடுவே நுழைந்தால் அந்தக் கட்டிலில் பிள்ளையைப் போடாதீர்கள். அங்கே நுழைந்தது.

கட்டிலைத் தூக்கி வந்த அம்மா தமிழர். வயதானவர். மேனேஜர் போகும்வரை பேசாமல் நின்று, பிறகு மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, இதுல படுக்க வைக்காதம்மா. போன தடவையும் ஒருத்தர் வேணாம்னு திருப்பிக் குடுத்தாங்க.” அவர் சொல்லியிருக்காவிட்டால் என்ன, நான் போட்டிருக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே ஒரு குடும்பம் திருப்பிக் கொடுத்த கட்டிலை, தெரிந்தே எங்கள் அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கவனக்குறைவு என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். அந்த அம்மா மட்டும்தான் அங்கே எங்களை மனிதராக நினைத்தார். கெட்டில் இல்லாததால் அவரே வெளியே போய் ஒரு பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சமையலறை எட்டரைக்கே மூடிவிட்டது, கஞ்சியும் இல்லை.

அன்றிரவு பெரிய கட்டிலின் மெத்தையைத் தரையில் இறக்கி, மகனை நடுவில் படுக்க வைத்து நாங்கள் முறைபோட்டு விழித்திருந்தோம். அந்த இருட்டில் மலைப்பாதையைத் திரும்பக் கடந்து ஜார்ஜ்டவுனுக்குப் போகலாமா என்றும் பேசினோம். மாமியாரையும் வாந்தி எடுத்த பிள்ளையையும் வைத்துக்கொண்டு அது முடிகிற காரியமாக இல்லை.

காலையில் வெளிச்சத்தில்தான் மற்றது தெரிந்தது. படிக்கட்டு இறங்கினால் நான்கைந்து எட்டில் தாமரைக் குளம். வேலி கிடையாது. கரைக்கும் தண்ணீருக்கும் ஒரு விளிம்புகூட இல்லை, நடைபாதை அப்படியே தண்ணீராகிறது. பார்க்க அழகுதான். குழந்தை மூழ்குவதற்கு ஆழமே தேவையில்லை, சில சென்டிமீட்டர் தண்ணீரில் முகம் கவிழ்ந்தாலே போதும். கத்தவும் மாட்டார்கள், கையடிக்கவும் மாட்டார்கள், சத்தமில்லாமல் முடிந்துவிடும். வெள்ளை வேலி போட்ட குழந்தைகள் குளம் எங்கே என்று கேட்டோம். காலியாக, இலைச் சருகு நிறைந்து கிடந்தது. தோட்டக்காரர் அது பல மாதமாகவே மூடியிருக்கிறது என்றார். எனக்கு வந்த படம் எப்போது எடுத்ததோ!

படிக்கட்டின் இருபுறமும் அலங்காரத் தாழிகள், உள்ளே தேங்கிய தண்ணீர், அதில் நெளியும் கொசுப்புழு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு காலையிலும் சாயங்காலத்திலும்தான் அதிகம் கடிக்கும், அதாவது பிள்ளைகள் வெளியே விளையாடுகிற நேரத்தில். கொசு வளரவிடுவது நம் நாட்டில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சின்னப் பிள்ளைக்குக் கொசு மருந்து பூசுவதிலும் கவனம் வேண்டும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் வகை மூன்று வயதுக்குக் கீழே ஆகாது. இயற்கையானது என்று சொல்லி அதைத்தான் கவுண்டரில் விற்கிறார்கள்.

மிச்ச இரவுகளை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கேட்டோம். மேனேஜர் சொன்னது இதுதான்: “இது நேச்சர் கான்செப்ட் மேடம். புக்கிங் ரீஃபண்ட் கிடையாது.” போகும்போது டெபாசிட்டிலும் 150 வெள்ளியைப் பிடித்துக்கொண்டார்கள். மெத்தையைத் தரையில் போட்டு அழுக்காக்கினோமாம்.

சரி, என்ன செய்தோம் என்பதையும் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். கிளம்புவதற்கு முன்பே கட்டில், கொக்கி, மெத்தை இடைவெளியில் என் கை, குளம், தாழி எல்லாவற்றையும் வீடியோ எடுத்தோம். வாட்ஸ்அப் உரையாடல் முழுவதையும் சேமித்துக்கொண்டோம். முதலில் ரிசோர்ட்டுக்கு எழுத்து மூலம் புகார் அனுப்பினோம். அடுத்த முறை தங்கினால் தள்ளுபடி தருவதாகப் பதில் வந்தது, வேண்டாம் என்றோம். அப்புறம் பயனீட்டாளர் திரிபுனலில் (நுகர்வோர் தீர்ப்பாயத்தில்) மனு போட்டோம். பலருக்கு இது தெரிவதில்லை: 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி மட்டுமே, வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது என்பதால் பெரிய நிறுவனமும் நம்மோடு சமமாக உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். மனு கையில் கிடைத்த 14 நாளுக்குள் அவர்கள் எதிர்வாதம் தாக்கல் செய்ய வேண்டும். 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தவறான வாக்குறுதி கொடுத்து விற்பதைத் தடை செய்கிறது. ‘ரீஃபண்ட் கிடையாது’ என்று ஒரு வரி எழுதிவைத்தால் அந்தச் சட்டம் செத்துப்போகாது. தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடுங்கள், தமிழிலேயே விளக்கிச் சொல்லலாம்.

இனி குழந்தையோடு எங்கே போவதாக இருந்தாலும் நான் கேட்கப்போவது இது. ‘பேபி காட் உண்டா’ என்று கேட்க மாட்டேன், ‘இப்போது கொடுக்கப்போகிற கட்டிலைப் படம் எடுத்து அனுப்புங்கள்’ என்பேன். குளம் திறந்திருக்கிறதா என்று கேட்டு, அன்றைய தேதியோடு வீடியோ கேட்பேன். எந்த வில்லா என்று எண் சொல்லச் சொல்வேன், அந்த எண் ரசீதில் வர வேண்டும். ‘லக்சுரி’ என்பது அவர்களே சூட்டிக்கொள்ளும் பட்டம். நட்சத்திரம் சுற்றுலா அமைச்சு கொடுப்பது, அதன் பலகை சுவரில் இருக்கிறதா என்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் வங்கியில் போடச் சொன்னால், முன்பணம் மட்டும் போட்டு மிச்சத்தை அறையைப் பார்த்த பிறகு தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். ஒத்துக்கொள்ளாத இடத்துக்கு நாங்கள் இனிப் போவதாக இல்லை.

இதே மாதிரி ஏற்கெனவே ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ரசீதையும் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள். சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் திரிபுனலுக்குப் போகலாம். மனுப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெரியாவிட்டால் கேளுங்கள், நாங்கள் நிரப்பிய விதத்தைச் சொல்லித் தருகிறேன்.